காகிதம் ஆட வேண்டும்

ஆகஸ்ட் மாதம் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் காரைவிட்டு இறங்குவதும், வெந்துகொண்டிருக்கும் இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து முகத்தைக் காட்டுவதும் ஒன்றுதான். மதியத்துக்கு மேல் கடல் பக்கமிருந்து மேகம் திரளும். இருட்டிக்கொண்டு வரும். நாலு சொட்டு விழும். தாரிலிருந்து ஆவி கிளம்பும். பிறகு முன்னைவிட மோசமாக வெயில் அடிக்கும். அந்த ஊரில் யாரும் நடப்பதில்லை. நடக்க ஆரம்பித்தால் கார் ரிப்பேரா என்று யாராவது நிறுத்திக் கேட்பார்கள்.

எழிலரசி வேலை பார்த்த பிரீஸ்கூல், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் மூடிக் கிடந்த மெத்தைக் கடைக்கும் நடுவில் இருந்தது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் நம் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகள். மிச்சம் பெரும்பாலும் நைஜீரியா, மெக்ஸிகோ, வியட்நாம். நடத்துகிற ரோஷினி பெங்களூர்க்காரி. எந்த இந்திய பாஷையும் அந்தக் கட்டடத்துக்குள் அவள் வாயிலிருந்து வராது. ஒவ்வொரு அறையின் மூலையிலும் ஒரு கேமரா உண்டு. பெற்றோர்கள் ஆபீஸில் உட்கார்ந்தபடி போனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெருமை. வாசல் போர்டிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். முதலில் படம் மட்டும் வந்தது. பிள்ளை அழுகிறதா பாடுகிறதா தெரியவில்லை என்று பெற்றோர்கள் சொன்னதால் ஜூன் மாதம் சத்தமும் வந்தது. வம்பும் அதோடு வந்தது.

எழிலரசிக்குத் திருச்செங்கோடு. எம்.ஏ. இங்கிலீஷ். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். கணவன் சபரியின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு வேலை செய்ய அனுமதி வரவே பல வருஷம் ஆயிற்று. வந்ததும் கிடைத்த முதல் வேலை இது. சம்பளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போக ஓர் இடம் இருந்தது. நாலு வயசுப் பிள்ளைகள் அறை அவளுடையது. குட்டி நாற்காலிகளைத் துடைப்பது, மூக்கைத் துடைப்பது, பகல் தூக்கத்துக்குப் பாய் விரிப்பது, பாத்ரூமுக்கு வரிசையாகக் கூட்டிப் போவது, இதையெல்லாம் யாரும் செய்யலாம். எழுத்துகளின் ஒலியைச் சொல்லித் தர ஒன்பது மணிக்கு வரும் ஃபோனிக்ஸ் வகுப்புதான் அவளுக்கு உயிர்.

அதை அவள் நன்றாகவே செய்தாள். இங்கிலீஷில் ‘கிட்’ என்ற சொல்லை எழுதி, மூன்று பிள்ளைகளை மூன்று எழுத்துகளாக நிறுத்துவாள். அப்புறம் நாலாவதாக ஒரு பிள்ளை ‘ஈ’ எழுத்தட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து கடைசியில் நிற்கும். அது விருந்தாளி. வாயே திறக்காது. ஆனால் விருந்தாளி வந்துவிட்டதால் நடுவில் கூனி உட்கார்ந்திருந்த ‘ஐ’ சட்டென்று எழுந்து நின்று தன் பேரைச் சொல்லும். ‘கிட்’ ‘கைட்’ ஆகிவிடும். பட்டம் பறக்கும். வீட்டுக்கு விருந்தாளியாக ஒறம்பரை வந்தால் திருச்செங்கோட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்று பேர் சொல்வதைத்தான் அவள் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. படிக்க வந்துவிட்டது. அவ்வளவு போதும்.

அந்த விருந்தாளி ‘ஈ’யாக நிற்க எப்போதும் முதலில் ஓடிவருவது ஷ்ரேயா. அவளுக்குப் பேசப் பிடிக்காது. வாய் திறக்காமல் ஒரு வேலை கிடைத்தால் அதுதான் வேண்டும். அவள் அம்மா மாளவிகா சென்னைக்காரி. பக்கத்துத் தெருக் குடியிருப்பில் வீடு. எழிலின் வகுப்பில்தான் போட வேண்டும் என்று ரோஷினியிடம் சண்டை போட்டுச் சேர்த்தவள். காரணம் சாப்பாடு. ஷ்ரேயா வீட்டிலிருந்து வரும் எதையும் தொடமாட்டாள். எழில் தன் டப்பாவிலிருந்து பருப்பு சாதத்தைப் பிசைந்து, தமிழில் ஏதாவது கதை சொல்லி, கையால் ஊட்டினால் மட்டும் வாய் திறப்பாள். விதிப்படி அது தப்பு. மாளவிகா எழுதிக் கொடுத்ததால் ரோஷினி கண்டுகொள்ளாமல் இருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் போன பிறகு ரோஷினி வந்து குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். எழிலும் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் முழங்கால் மோவாய்க்கு வந்தது. ரோஷினி சிரித்துக்கொண்டே பேசினாள். அதுவே கெட்ட சகுனம். எழில் நல்ல டீச்சர். பிள்ளைகள் அவளை விரும்புகிறார்கள். ஆனால் ஒரு பெற்றோர் கேமராவில் வகுப்பைக் கேட்டுவிட்டுக் கவலைப்படுகிறார்கள். பிள்ளை வீட்டில் தண்ணீர் என்பதற்கான சொல்லை இந்தியாவிலிருந்து நேற்று வந்தது போலச் சொல்கிறது. இங்கிலீஷில் பென்சிலின் முதல் எழுத்தைப் போட வேண்டிய இடத்தில் பஸ்ஸின் முதல் எழுத்தைப் போடுகிறது. பேர் சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை.

வேலையை விட்டு அனுப்பப் போகிறாள் என்றுதான் எழில் நினைத்தாள். ரோஷினி அதைவிட வசதியான ஒன்றை வைத்திருந்தாள். அறையில் ஏற்கெனவே ஒரு டேப்லெட் உண்டு. பெற்றோர்கள் அனுப்பும் செய்திகள் அதில்தான் வரும். அதிலேயே ஃபோனிக்ஸ் ஆப் ஒன்றைப் போட்டாயிற்று. எழில் வழக்கம் போலவே வகுப்பை நடத்தலாம். அட்டையைக் காட்டலாம், பிள்ளைகளை நிறுத்தலாம். சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் பட்டனை அழுத்தினால் அமெரிக்கக் குரல் சொல்லும்.

“யூ டீச். இட் ஸ்பீக்ஸ்,” என்றாள் ரோஷினி.

வெள்ளிக்கிழமை தானே வந்து உட்கார்ந்து பார்ப்பதாகவும், சரிப்பட்டால் இப்படியே தொடரலாம் என்றும், சரிப்படாவிட்டால் டயப்பர் பிள்ளைகள் அறையில் ஆள் தேவைப்படுகிறது என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள். எழில் ‘ஓகே’ என்று சொன்னாள். சொன்ன பிறகு அந்தச் சொல்லையும் சரியாகச் சொன்னோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. அன்றிலிருந்து அந்த வாரம் முழுக்க அதே நோய். எதைச் சொன்னாலும், சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் சபரி வந்து லேப்டாப் பையை இறக்குமுன்பே சொல்லிவிட்டாள். ஹூஸ்டன் டவுன்டவுனிலிருந்து ஃப்ரீவேயில் ஒன்றேகால் மணி நேரம் ஊர்ந்து வந்தவன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, வேலை போகவில்லையல்லவா என்றுதான் முதலில் கேட்டான். போகவில்லை என்றால் அது பிரச்சினையே இல்லை என்பது அவன் கணக்கு.

“ஏம்புள்ள, நீதான அந்த ஈ கதை சொல்லுவ. வாயே தொறக்காது, ஆனா வேல நடக்கும்னு. அதே மாதிரி நின்னுட்டுப் போ. நல்லதுதான, தொண்டையும் வலிக்காது.”

ஆறுதலாகத்தான் சொன்னான். எழில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். அது சீறியது. அவனுக்கு முதல் தோசை கருகித்தான் வந்தது.

மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள் தென்றல் தலை நிமிர்ந்தாள். நாலாம் வகுப்பு. இந்த ஊரிலேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். போன வருஷம்வரை அம்மாவைத் தன் பள்ளிக்கூடத்துக்கு வாலண்டியராக வரச் சொல்லிக்கொண்டிருந்தவள், இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஏன் என்று எழிலும் கேட்கவில்லை. கின்டர்கார்டனில் ‘ஸ’ சரியாக வராமல் பேச்சுப் பயிற்சிக்குப் போனவள் தென்றல். அங்கே பார்த்த வித்தை ஒன்று அவளுக்கு நினைவிருந்தது. டிஷ்யூவை நீளமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து அம்மாவின் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டாள்.

“சே பென்.”

“பென்,” என்றாள் எழில்.

காகிதம் அசையவில்லை. தென்றல் தன் உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதே சொல்லைச் சொன்னாள். காகிதம் குதித்தது. மறுபடி அம்மாவுக்குப் பிடித்தாள். மறுபடி அது செத்த பாம்பு மாதிரி தொங்கியது. காற்று வர வேண்டும், வராவிட்டால் இங்கே எல்லோருக்கும் அது பஸ்ஸின் எழுத்தாகத்தான் கேட்கும் என்று விளக்கினாள். அதில் கேலி இல்லை. டீச்சர் மாதிரி பேசினாள். அதுதான் எழிலுக்குப் பொறுக்கவில்லை.

ஏனென்றால் இது எழிலுக்குத் தெரிந்த விஷயம். எம்.ஏ.வில் ஒலியியல் பேப்பரில் இதே கேள்வி வந்தது. சொல்லின் முதலில் வரும் அந்த ஒலி காற்றோடு வெடிக்கும் என்று படம் போட்டு எழுதி, கல்லூரியிலேயே முதல் மார்க் வாங்கினாள். நோட்ஸ் சொன்ன பேராசிரியர் வாயில் காற்று வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். வந்திருக்காது. அந்த வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள். அறுபது பேரும் காற்றைப் பற்றிக் காற்றில்லாமல் படித்தார்கள்.

சபரிக்கு வேடிக்கையாகிவிட்டது. கொடு என்று காகிதத்தை வாங்கிக்கொண்டான். அவன் டேட்டா இன்ஜினியர். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லுகிற சொல் பைப்லைன். சொன்னான். காகிதம் ஆடவில்லை. சிரித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். தென்றல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் தடவை அவன் சிரிக்கவில்லை. காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புல்லுக்குத் தண்ணீர் ஓடுகிறதா பார்க்கிறேன் என்று பின்பக்கம் போனான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை போகும்போதும் வரும்போதும் எழில் காரில் தனியாகப் பேசிக்கொண்டாள். பார்க், பேப்பர், பாக்கெட், பீப்பிள். ஸ்டீரிங்குக்கு மேல் கண்ணாடியில் டிஷ்யூவை ஒட்டியிருந்தாள். சிக்னலில் பக்கத்து டிரக்குக்காரன் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொரு பெற்றோர் முகத்தையும் பார்த்தாள். டோபியின் அம்மா, நைஜீரியா டாக்டர், எப்போதும் முறைப்பாக இருப்பவள், அவளாக இருக்கும். இல்லை, அறையில் ஒரே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை உண்டே, அதன் அப்பாவாக இருக்கும். அவர்கள் இரண்டு பேரும் அன்று வழக்கத்தைவிட அன்பாக ‘குட்மார்னிங்’ சொன்னார்கள். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பிரதோஷம். அந்த ஊர் மீனாட்சி கோயிலுக்குக் கூட்டம் வந்திருந்தது. தரிசனம் முடிந்து, கேன்டீன் வரிசையில் தென்றலுக்குத் தோசை வாங்க நின்றபோது பின்னாலிருந்து மாளவிகா தோளைத் தொட்டாள். ஆபீஸிலிருந்து நேரே வந்திருந்தாள். கழுத்தில் ஐடி கார்டு. ஷ்ரேயா அவள் துப்பட்டாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எழிலைப் பார்த்ததும் வெளியே வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“எழில், ரோஷினி உங்ககிட்ட பேசினாளா?”

எழில் திரும்பிப் பார்த்தாள்.

“நான்தான் சொன்னேன். பின்னாடி பேசறது எனக்குப் பிடிக்காது, அதான் நேரா சொல்லிடறேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

வரிசை நகர்ந்தது. எழிலும் நகர்ந்தாள். மாளவிகா தணிந்த குரலில் நிறைய பேசினாள். அவளுக்குமே அந்த உச்சரிப்புதான், அவள் அம்மாவுக்கும் அதுதான், அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் குழந்தை இங்கே வாழப் போகிறவள். கணவன் நவநீத் வேறு, வீட்டில் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறான். கம்பெனியில் ட்ரெய்னிங் அனுப்பி என்னை மறக்க வைத்த உச்சரிப்பை என் பொண்ணு ஃபீஸ் கட்டிக் கத்துக்கறாளா என்று கேட்கிறான். எழிலுக்கு வேலை போகக் கூடாது என்று தான் கண்டிப்பாகச் சொன்னதாகவும், டேப்லெட் யோசனையே தன்னுடையதுதான் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு உதவி செய்த திருப்தி இருந்தது.

“அப்ப மத்தியானச் சோறுங்க?” என்றாள் எழில்.

“ஐயோ, அது எப்பவும் போலத்தான். ப்ளீஸ், அதை மட்டும் விட்டுடாதீங்க. உங்க பருப்பு சாதம் இல்லேன்னா பட்டினி கிடப்பா. தமிழ்லயே பேசி ஊட்டுங்க. அவளுக்குத் தமிழ் வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. எங்காத்துல பேசினா திருப்பிப் பேசவே மாட்டேங்கறா.”

“அப்ப என்ர வாய் சோத்து நேரத்துக்கு மட்டும் வேணுங்க.”

மாளவிகா சிரித்தாள். அது நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டாள். அல்லது அப்படி எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்று தெரிந்துகொண்டாள். எழிலின் முறை வந்தது. கவுன்டரில் இருந்தவர் தமிழர்தான். இருந்தாலும் எழில் வாயைத் திறக்காமல் தோசைப் படத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை டேப்லெட்டை வைத்து வகுப்பு நடத்திப் பார்த்தாள். அது கெட்டுப் போயிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். கெட்டுப் போகவில்லை. அட்டையைக் காட்டினாள், பட்டனை அழுத்தினாள், ஒரு பெண் குரல் சுத்தமாகச் சொல்லியது, பிள்ளைகள் சுத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள். முதல் இரண்டு சொல்லுக்கு மட்டும் அவள் வாயைப் பார்த்தார்கள். மூன்றாவது சொல்லிலிருந்து டேப்லெட்டைப் பார்த்தார்கள். விருந்தாளி ‘ஈ’ வந்து நின்றது. ‘ஐ’ எழுந்து நின்றது. அதன் பேரையும் டேப்லெட்டே சொல்லிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே போன ரோஷினி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

மத்தியானம் ஷ்ரேயாவுக்கு ஊட்டும்போது எழில் கதை ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை நாலு வாய் வாங்கிவிட்டு, கதை எங்கே என்பது போல அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உதட்டை மூடிக்கொண்டது.

அன்று சாயங்காலம் காய் வாங்கப் போய், கடைக்கு வெளியே காரிலேயே மாட்டிக்கொண்டார்கள். சரியான மழை. கூரையில் சரளைக் கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். பார்க்கிங் மரங்களில் அடைய வந்த கறுப்புக் குருவிகள் மழையிலும் கத்திக்கொண்டிருந்தன. பின் சீட்டில் தென்றல் காதில் ஹெட்ஃபோனோடு இருந்தாள். எழில் தன் யோசனையைச் சொன்னாள். நாளைக்கு ரோஷினி வந்து உட்காரும்போது டேப்லெட்டை எடுக்கப் போவதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு துண்டு டிஷ்யூ கொடுக்கப் போகிறாள். முதலில் தன் வாயில் ஆடாததைக் காட்டப் போகிறாள். அப்புறம் ஆட வைக்கச் சொல்லித் தரப் போகிறாள்.

சபரி வைப்பரை நிறுத்தினான்.

“கேமராவுல, அத்தன பேரு பாக்கறப்ப, எனக்கு வராதுன்னு நீயே காட்டப் போறியா?”

“வராதுன்னு அவிங்களுக்கு ஏற்கெனவே தெரியுமுங்க. எனக்குத் தெரியும்னு காட்டறேன்.”

“கிறுக்குப் பிடிச்சிருக்குதா உனக்கு? நம்ம கொறைய நாமளே எடுத்து ரோட்டுல வெப்பாங்களா? பேசாம அந்தப் பட்டன அமுக்கிட்டுப் போ எழிலு.”

“உங்களுக்கென்னுங்க. நீங்க ஆபீஸ்ல பேசறீங்க.”

அவன் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரு பேசறா. நான் மீட்டிங்ல மைக்கே ஆன் பண்றதில்ல. வந்த புதுசுல நான் சொன்னது புரியாம ஒருத்தன் மூணு தடவ ‘சாரி? சாரி?’ன்னு கேட்டான். அன்னையோட நிறுத்திட்டேன். சாட்ல டைப் பண்ணீருவேன். கேமராவ ஆஃப் பண்ணீட்டு, நெட் சரியில்லைன்னு ஒரு வரி. அது போதும். எனக்கு வேல போச்சா? வீடு வாங்கலியா?”

பின் சீட்டில் தென்றல் எப்போதோ ஹெட்ஃபோனைக் கழற்றியிருந்தாள். சபரி அதைக் கண்ணாடியில் பார்த்தான். மழை விடுவதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வெங்காயமும் பாலும் மட்டும்தானே என்று கேட்டுவிட்டு நனைந்தபடி கடைக்குள் போனான். அவன் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் தன்னைப் பற்றிப் பேசி எழில் கேட்டதில்லை. அவளுக்கு அவன் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இதை ஒளித்து வைத்திருக்கிறான். அதை இன்றைக்கு எடுத்தது, தன்னையும் அதே பொந்துக்குள் வரச் சொல்லத்தான்.

வெள்ளிக்கிழமை ரோஷினி ஒன்பதுக்கு முன்பே வந்து மூலையில் உட்கார்ந்தாள். எழில் டேப்லெட்டைச் சுவர் அலமாரியில் ஏற்றி வைத்தாள். ரோஷினியின் புருவம் ஏறியது. எழில் டிஷ்யூ துண்டுகளைக் கொடுத்துக்கொண்டே போனாள். ஒரு பிள்ளை உடனே அதில் மூக்கைச் சிந்தியது. இன்னொன்று வாயில் போட்டுக்கொண்டது. அதைப் பிடுங்கிவிட்டு வேறு கொடுத்தாள். கேமரா அவள் தலைக்கு மேல் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து ஒருமுறை பார்த்துவிட்டாள்.

தன் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, “பென்,” என்றாள். அது ஆடவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். ஆடவில்லை. தன் வீட்டில் இந்தக் காகிதம் தூங்கிக்கொண்டே இருக்கும் என்றும், அந்த வீட்டு வழக்கம் அப்படி என்றும், ஆனால் இந்தச் சொல் இந்த ஊர்க்காரர்கள் வீட்டுச் சொல் என்பதால் அதைத் தட்டி எழுப்ப வேண்டும் என்றும் இங்கிலீஷில் சொன்னாள். யாரால் எழுப்ப முடியும்?

எல்லோராலும் முடிந்தது. டோபி எழுப்பிய வேகத்தில் காகிதம் கையைவிட்டுப் போய்ப் பக்கத்துப் பிள்ளையின் தலையில் விழுந்தது. எச்சில் தெறித்தது. அறை முழுக்க வெள்ளைத் துண்டுகள் ஆடின. எழில் பஸ்ஸின் எழுத்துக்கு மாறினாள். அதில் காகிதம் தூங்க வேண்டும். மறுபடி பென்சிலின் எழுத்து, எழுப்ப வேண்டும். இரண்டு எழுத்தையும் பலகையில் எழுதி, எது தூங்குகிற எழுத்து, எது முழித்த எழுத்து என்று கேட்டாள். ஒரு பிள்ளையும் தப்பாகச் சொல்லவில்லை. கடைசியில், வாரம் முழுக்கக் காரில் பயின்றதை வைத்து, வயிற்றிலிருந்து காற்றை இழுத்து, “பென்” என்று தானும் சொன்னாள். காகிதம் மேலே போய் வந்தது. கை தட்டினார்கள். கை தட்டிவிட்டு, “த ராங் ஒன், மிஸ் எழில், டூ த ராங் ஒன்,” என்று கத்தினார்கள். தப்பானதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அவள் தப்பாகச் சொன்னாள். உருண்டு சிரித்தார்கள். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

மூலையில் ரோஷினி போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் வந்து கட்டிக்கொண்டாள். டேப்லெட் வேண்டாம், இதுவே போதும், புதுப் பெற்றோர்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிற ஒவ்வொரு வெள்ளியும் இதையே செய்து காட்ட வேண்டும் என்றாள். முக்கியமாக அந்தத் தப்பான பென். அது ரொம்ப க்யூட்.

எழில் தலையாட்டினாள். வேலை நிலைத்துவிட்டது. நினைத்தது நடந்துவிட்டது. குட்டி சிங்க்கில் குனிந்து நின்று கையைக் கழுவினாள். சோப்பைப் போட்டாள். மறுபடி போட்டாள். பின்னால் இரண்டு பிள்ளைகள் அவள் சொன்ன மாதிரியே சொல்லி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளியும் என்று மட்டும் மனசில் ஓடியது. இனி நன்றாக வந்துவிட்டாலும் வராதது போலச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் மேசைகளைத் துடைத்து, டப்பாக்களை வரிசையாகத் திறந்து வைத்தாள். ஷ்ரேயா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கொடுத்த டிஷ்யூ துண்டை அவள் இன்னும் கீழே போடவில்லை. கசங்கிப் போய்க் கைக்குள் இருந்தது. எழில் டப்பாவைத் திறந்தாள். நெய் வாசம் வந்தது. பருப்பு சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் உருட்டினாள்.

“பருப்பு சாதம் சாமி. ஆ காட்டு.”

ஷ்ரேயா வாயைத் திறக்கவில்லை. கசங்கிய காகிதத்தை நீவி, எழிலின் உதட்டுக்கு முன்னால் கொண்டுவந்து பிடித்தாள். எழிலுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“பருப்பு,” என்றாள்.

காகிதம் ஆடவில்லை.

“ராங்,” என்றாள் ஷ்ரேயா, ரொம்பச் சன்னமாக. சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரித்தது போலத் தானும் சிரித்தாள்.

எழில் உருண்டையை டப்பாவிலேயே வைத்தாள். சுத்தமாக இருந்த இடது கையால் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

“இதுக்கு ஆடக் கூடாது அம்மிணி. இது என்ர வீட்டுச் சொல்லு. உன்ர வீட்டுச் சொல்லும்தான். நீ சொல்லு பாப்பம்.”

ஷ்ரேயா அவளையே பார்த்தாள். வீட்டில் யார் கேட்டும் தமிழில் ஒரு சொல் சொல்லாத பிள்ளை. எழில் காகிதத்தை அவள் உதட்டுக்கு முன்னால் பிடித்தாள். டப்பாவைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். தெரிந்துதான் நகர்த்தினாள்.

“பருப்பு,” என்றது குழந்தை.

காகிதம் குதித்தது.

“ஆடுது பாரு. தப்பு. மறுபடி சொல்லு.”

அலமாரியில் இருந்த டேப்லெட் டிங் என்றது. பெற்றோர் செய்தி, கேமராவில் பார்க்கிற யாரோ. எழில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஷ்ரேயா டப்பாவைப் பார்த்தாள், பிறகு எழிலின் உதட்டைப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். காகிதம் மறுபடி பறந்தது. டேப்லெட் இன்னொரு தரம் டிங் என்றது. பக்கத்து மேசையில் டோபி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

எழில் உதட்டை மூடி, மெதுவாகத் திறந்து காட்டினாள். காற்றை உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லி நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். குழந்தையும் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டது.

“பருப்பு.”

காகிதத்தின் நுனி லேசாக அசைந்தது.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள் எழில்.